‘கடும் உழைப்பாளி’ என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

நம்ம பக்கத்து மரண அறிவித்தல்களில் தவறாமல் வரும் மூன்று வார்த்தைகள் இருக்கு: கடும் உழைப்பாளி, அமைதியானவர், நல்ல குடும்பத் தலைவர். இறம்பொடையில் இருந்து அட்டன் வரைக்கும் மேசன் வேலை பார்த்தவர், தேயிலை ஸ்டோரில் மெசின் ஓட்டியவர், கவ்வாத்து வெட்டியவர் எல்லாருக்கும் இதே மூன்றுதான். இந்தப் பாராட்டை நாம எதிர்க்கிறோம். அவங்க உழைக்கவில்லை என்பதற்காக இல்லை. உழைப்புக்கு வரவேண்டிய பாக்கியை இந்தப் பாராட்டு மூடி மறைக்கிறது என்பதற்காக.

1948இல் இங்கே ஒரு லயத்தில் பிறந்த ஒருத்தரைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அதே வருசம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர் குடும்பத்தை நாடற்றதாக்குகிறது. அவருக்கு 16 வயசாகும்போது சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கிறது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போகிறது, 1992இல் கம்பெனிகள் கைக்கு வருகிறது. துரைமார் மாறினாங்க, லயம் மாறவில்லை. நாடற்றவர்களில் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல். அப்போ அவருக்கு வயசு 55. ஆண் தொழிலாளி சேமலாப நிதியை எடுக்கும் வயசும் அதேதான்!

இப்படி வாழ்ந்தவரை ‘அமைதியானவர்’ என்று சொல்வது யாருக்கு வசதி?

யுத்தத்துக்குப் போனவரை இந்த நாடு ‘ரணவிரு’ என்கிறது. தூபி கட்டுகிறது, ஓய்வூதியம் தருகிறது. நாற்பது வருசம் மலை ஏறி இறங்கியவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மட்டும்தான். அதையாவது ஒழுங்காகக் கொடுக்கிறாங்களா? அரச பெருந்தோட்ட நிறுவனங்களே தொழிலாளிகளின் இந்தப் பணத்தை வருசக்கணக்காகக் கட்டாமல் நிலுவை வைத்த கதை நாடறிந்தது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்கூலிக்காரர் குறைந்தது ஐந்து வருசம் வேலை செய்திருந்தால், வருசத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கணும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கணும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், நாற்பது வருசத்துக்கு 7,56,000 ரூபா வருகிறது. இது தோட்டம் போடும் பிச்சை இல்லை, கடன். கடன்காரனிடம் ‘நம்மாள் ரொம்ப உழைத்தாருங்க’ என்று கைகட்டி நிற்பதா?

‘குடும்பத் தலைவர்’ கதையையும் கொஞ்சம் பேசணும். விடிய முன்னாடி அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பகல் முழுக்கக் கொழுந்து பறித்து, திரும்பி வந்து சமைத்தது யார்? மனைவியின் சம்பளத்தைப் புருசன் வாங்கிப் போன காலம் நம்ம தோட்டங்களில் இருந்தது. குடும்பத்தைத் தாங்கிய பெயர் ஒருத்தருக்கு, தாங்கிய தோள் இன்னொருத்தருக்கு.

‘பெரியவங்களுக்குத் தருகிற மரியாதையைக் கெடுக்கிறீங்களே’ என்று சிலர் கோபப்படலாம். அவங்களை வெறும் பொறுமைசாலிகளாக்குவதுதான் அவமரியாதை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டு இறந்த கோவிந்தனும் உழைப்பாளிதான், குடும்பஸ்தர்தான். அவர் மனைவிக்காக விசாரணை ஆணைக்குழுவில் வாதாடினார் கொல்வின் ஆர். டி சில்வா. கேள்வி கேட்டவர்கள் நம்ம பரம்பரையிலும் இருக்காங்க. மரண அறிவித்தலில் அந்த வார்த்தைக்குத்தான் இடமில்லை.

அதனால், கெம்பசுக்குப் படிக்க வந்திருக்கும் நாம ஒரு வேலை செய்யலாம். வீட்டில் தாத்தாவும் அம்மாச்சியும் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்போம். எந்த வருசம் பேர் பதிஞ்சாங்க? சேமலாப நிதி இலக்கம் என்ன? சேவைக்காலப் பணம் முழுசாக வந்ததா? வரவில்லை என்றால் அந்தக் காகிதங்களோடு தொழில் திணைக்களத்துக்கு நாமளே கூட்டிப் போவோம். சிங்களத்தில் படிவம் தந்தால் தமிழில் கேட்போம், அது நம்ம உரிமை. செத்த பிறகு மாலை போட ஆயிரம் பேர் வருவாங்க. பாக்கியைக் கேட்க இப்போ ஆள் வேணும்.