பணக்கார இருதயமும் பாட்டாளி இருதயமும்

மார்பைப் பிளக்காமலே கசியும் இருதய வால்வைச் சீர்செய்யும் கருவி வந்துவிட்டது, விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று பணக்காரப் பத்திரிகைகள் ஆரவாரம் செய்கின்றன. விஞ்ஞானம் வென்றது உண்மையே. ஆனால் வெற்றியின் பலன் யார் வீட்டுக்குப் போகிறது? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

பம்புசெட்டின் புட்வால்வு கசிந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும், வயல் காயும். இருதயத்தின் இடது பக்கத்திலுள்ள மைட்ரல் வால்வு கசிந்தாலும் இதே கதிதான். ரத்தம் பின்னோக்கிப் பாய்கிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. மூட்டை தூக்கியவன் நாலு படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறான்.

இதற்கு வந்த கருவியின் பெயர் மைட்ராகிளிப். தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயை இருதயம்வரை செலுத்தி, வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கிறார்கள். 2018ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இருதயம் பலவீனப்பட்டு வால்வு கசிந்த 614 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருஷத்தில் 100க்கு 46 பேர் மாண்டனர். கிளிப்பும் பெற்றவர்களில் 29 பேர். அதே வருஷம் வந்த பிரெஞ்சு ஆராய்ச்சியிலோ பலன் தெரியவில்லை. ஆகவே சர்வரோக நிவாரணி அல்ல; தக்க நோயாளிக்கு உயிர் காக்கும் சாதனம். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் இதன் மூலக் கருத்து எந்த முதலாளியின் மூளையில் உதித்தது? இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துத் தைக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் கையாண்டவர் அல்பியேரி என்ற இத்தாலிய அறுவை வைத்தியர். ஊசியும் நூலும் செய்த வேலையைக் கிளிப் செய்தது. கிளிப்பை உருவாக்கிய சிறு கம்பெனியை 2009ல் அமெரிக்க அபாட் கம்பெனி கோடிக்கணக்கான டாலர் கொடுத்து விழுங்கியது. அமெரிக்காவில் கருவியின் விலை மட்டும் சுமார் 30,000 டாலர்! ஓர் உழைப்பாளி எத்தனை வருஷம் உழைத்தால் இந்தப் பணத்தைக் காண்பான்?

இன்னொரு உண்மையும் கேளுங்கள். ஏழைகளின் வால்வைக் கெடுப்பதில் முதன்மையானது வாதக் காய்ச்சல். நெருக்கடியான லைன் வீடுகளிலும் குடிசைகளிலும் குழந்தைகளுக்கு வரும் தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து இருதயத்தில் முடியும் வியாதி இது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி இந்த இருதய நோயால் 5½ கோடிப் பேர் அவதிப்படுகின்றனர். வருஷத்துக்கு ஏறத்தாழ 3,60,000 பேர் சாகின்றனர். 2013ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, வாத நோயால் கெட்ட வால்வுக்கு இந்தக் கிளிப்பைப் போடக்கூடாது என்று விதிக்கப்பட்டது. தழும்பேறிச் சுருங்கிய வால்வை மேலும் குறுக்கிவிடும் என்பதே காரணம். வைத்தியர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நோயைத் தடுக்கும் பென்சிலின் ஊசி பழைய மருந்து, மிக மலிவானது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில் போட்டால் போதும். அந்த ஊசிக்குப் பல நாடுகளில் அடிக்கடி தட்டுப்பாடு! 30,000 டாலர் கிளிப்புக்கு முண்டியடிக்கும் மூலதனம், மலிவு ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. லாபத்தின் நியாயம் இதுதான்!

விலையைக் குறைத்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2017 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் இருதய ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை விதித்தபோதும் இதே கூக்குரல்தான். லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. வானம் இடிந்து விழுந்ததா? இருதய ஆஸ்பத்திரிகள் பூட்டிக் கிடக்கின்றனவா? இல்லையே!

ஆகவே நாம் கோருவது இவைதான். வால்வுக் கருவிகளுக்கும் உச்சவிலை விதி! தேவைப்படும் ஏழைக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பொருத்து! எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பென்சிலின் தட்டாமல் கிடைக்கச் செய்! காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு கொடு!

தோழர்களே! குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே மருந்து இல்லை என்றால் பேசாமல் திரும்பாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள், கூட்டமாகப் போய்க் கேட்போம்!