தேசப் பாதுகாப்புக்கு எத்தனை தராசு?



ஏலாக்குறிச்சியில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் விற்கவும் யோசிக்கிறார். "ஹஜ்ரத், 2020-ல் சீன சார்ஜர் விற்றதற்கே தேசத் துரோகி என்றார்கள். பேட்டரி வண்டி விற்றால் என்ன சொல்வார்களோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்வான் மோதல் நடந்த 2020 ஜூனில் 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. 'சீனப் பொருளைப் புறக்கணிப்போம்' என்று முழக்கம் கிளம்பியது. அடி விழுந்தது யார் மீது? பொம்மையும் பல்பும் விற்ற சிறு வியாபாரி மீது! 2024-25 நிதியாண்டிலோ சீன இறக்குமதி 11,300 கோடி டாலரைத் தாண்டியது. இத்தனையையும் இறக்கியது ஏலாக்குறிச்சிக் கடைக்காரரா?

சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் ஐதராபாத்தின் மேகா நிறுவனத்தோடு சேர்ந்து 100 கோடி டாலரில் மின்சாரக் கார் ஆலை அமைக்கக் கேட்டது. 2023 ஜூலையில் மத்திய அரசு மறுத்தது. பாதுகாப்புதான் காரணம் என்று செய்திகள் வந்தன. கேமராவும் கணினியும் சுமந்து ஓடும் வாகனத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் கார்கள் இங்கே விற்பனையாகின்றனவே! ஆலை ஆபத்து, கார் ஆபத்தில்லையா?

கனடாவிலும் இதே கூத்துதான். 2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள். 2025 மார்ச்சில் சீனா கனடாவின் கனோலா எண்ணெய்க்கு 100 சதவீதம் விதித்தது. நொந்தவர் விவசாயி. 2026 ஜனவரியில் பிரதமர் கார்னி பெய்ஜிங் சென்று, ஆண்டுக்கு 49,000 கார்களை 6.1 சதவீத வரியில் அனுமதிக்க ஒப்புக்கொண்டார். உளவு வாகனங்கள் வருகின்றன என்று அங்கே எதிர்ப்பும் கிளம்பியது.

1985 முதல் 1995 வரை தடாவை அனுபவித்த சமுதாயத்திற்கு 'தேசப் பாதுகாப்பு' என்ற சொல்லின் எடை தெரியும். அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே (83) இறங்கிய வேதம் நம்முடையது. பெருமுதலாளிக்கு ஒரு தராசு, கடைத்தெருவுக்கு ஒரு தராசு என்றால் நாம் கேட்காமல் யார் கேட்பது? எந்தச் சரக்கு ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதை அரசு எழுத்தில் வெளியிடட்டும்!

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: தாராளமாக விற்பனை செய்யுங்கள். வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போடாதீர்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசலில் யாராவது வந்து கூச்சலிட்டால் பில்லைக் காட்டுங்கள், கைகலப்பு வேண்டாம். அன்றே கிளைப் பொறுப்பாளரிடம் தகவல் கொடுங்கள்.