இன்னொரு தமிழ் எடிட்டர் வேண்டாம், ப்ளீஸ்!

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. 'சவத்தெ தள்ளு, நமக்கெதுக்கு'ன்னு ஓடிப் போயிராதீங்க. கம்ப்யூட்டர்ல தமிழ் எழுதுற எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கு.

என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு 'தமிழுக்கு ஏதாவது செய்யணுமே'ன்னு ஒரு நாள் ஞானோதயம் வரும். உடனே உட்கார்ந்து செய்வது என்ன? ஒரு எடிட்டர்! நோட்பேட் மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, மேலே நாலு பட்டன். அதில் உருப்படியான வசதி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். டிஸ்கியை யூனிகோடாக மாற்றுவதோ, ஒற்றுப்பிழை பார்ப்பதோ. மீதியெல்லாம் வெறும் சுமை.

உபயோகிக்கிறவர் பாடு என்ன? எழுதுவது ஒரு இடம். அங்கேயிருந்து காப்பி பண்ணி, இங்கே ஒட்டி, பட்டனை அமுக்கி, மறுபடி காப்பி பண்ணி, பழைய இடத்தில் ஒட்டணும். பத்து வரிக்கு சரி. முந்நூறு பக்க நாவலுக்கு? அதுவே வெப்சைட்டாக இருந்தால் உங்க டைரி, கடிதம் எல்லாம் யாரோ ஒருத்தர் சர்வருக்குப் போகுது. செய்தவர் வேலை மாறி, கல்யாணம் ஆகி, அந்த எடிட்டரைக் கைவிட்டால் அந்த ஒரு நல்ல வசதியும் கூடவே செத்துப் போகும்.

இதுக்கு மாற்று ரொம்ப நாளாகவே இருக்கு. ஓடிக்கிட்டிருக்கும் எடிட்டருக்கு வெளியிலிருந்து இன்னொரு புரோகிராம் செய்தி அனுப்பி வேலை வாங்கலாம், கேட்டீங்களா. 2001 செப்டம்பரில் வந்த விம் 6.0-இலேயே இந்த வசதி வந்தாச்சு. ஒரு விம்முக்குப் பெயர் வைத்துத் திறந்துட்டா, இன்னொரு டெர்மினலிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். 'ரிமோட்' என்றால் ஃபைலைத் திறக்கும். 'ரிமோட்-செண்ட்' நாம தட்டுற மாதிரியே விசைகளை அனுப்பும். 'ரிமோட்-எக்ஸ்பர்' ஒரு கேள்வி கேட்டு பதிலை வாங்கிக்கிட்டு வரும். விண்டோஸில் இது விண்டோ மெசேஜ் வழியாகவும், லினக்ஸில் காலங்காலமாக எக்ஸ் விண்டோ வழியாகவும் நடக்குது. எமாக்ஸில் 'சர்வர்-ஸ்டார்ட்' கொடுத்துவிட்டு 'எமாக்ஸ்கிளையண்ட்' மூலம் பேசலாம். நியோவிம்முக்கு அதுக்கென்றே ஆர்பிசி இருக்கு.

இதை வைத்து என்ன செய்யலாம்? கர்சர் நிற்கும் வரியை விம்மிடம் கேட்டு வாங்குங்க. பைத்தானில் இருக்கும் ஓப்பன்-தமிழ் நூலகத்திடம் கொடுத்து டிஸ்கியை யூனிகோடாக்குங்க. அதே வரியில் திருப்பி வைங்க. சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். காப்பி இல்லை, பேஸ்ட் இல்லை, எழுத்து உங்க மெஷினை விட்டு வெளியே போகவும் இல்லை. லேடெக் உபயோகிப்பவர்களுக்கு இது புதுசே இல்லை. பிடிஎஃப்பில் ஒரு இடத்தை க்ளிக்கினால் எடிட்டர் சரியாக அந்த வரிக்குத் தாவுதே, அதுவும் இந்த மாதிரி ஒரு செய்திதான்.

தமிழ் தட்டச்சில் நாம இந்தப் பாடத்தை ஏற்கெனவே படிச்சாச்சு. எ-கலப்பை ஏன் ஜெயித்தது? 'என் எடிட்டருக்குள் வந்து எழுது'ன்னு அது சொல்லலை. நீங்க எங்கே எழுதினாலும் அங்கே வந்து தமிழ் தந்தது. லினக்ஸில் ஐபஸ் போட்டு தமிழ்99-இல் தட்டுறீங்களா? நீங்க அமுக்கும் விசை டி-பஸ் வழியாக இன்னொரு புரோகிராமுக்குப் போய், தமிழ் எழுத்தாகத் திரும்பி வருது. தட்டச்சுக்கு வந்த இந்தப் புத்தி பிழைதிருத்தியிலும் எழுத்துரு மாற்றியிலும் ஏன் வரலைங்கிறதுதான் என் கேள்வி.

எங்க நாஞ்சில் நாட்டுல பேச்சிப்பாறைத் தண்ணி கால்வாய் வழியா குளத்துக்கு வந்து, மடை வழியா வயலுக்குப் பாயும். தன் வயலுக்குன்னு தனி அணை கட்டின விவசாயியை நான் பார்த்ததில்லை. மென்பொருளிலும் மடை வெட்டினால் போதும்.

'எடிட்டரை வெளியிலிருந்து ஆட்டலாம்னா திருடனும் ஆட்டுவானே?' நியாயமான கேள்வி. எமாக்ஸின் சாக்கெட் இருக்கும் டைரக்டரியை அதன் சொந்தக்காரர் மட்டுமே திறக்க முடியும். எக்ஸில் உங்க டிஸ்ப்ளேயைத் தொட முடிந்தவர் எவரும் விம்மிடம் பேசலாம். அதனால 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' போட்டு ஊருக்கே கதவைத் திறந்து வைக்காதீங்க. இன்னொண்ணு, நீங்க தட்டிக்கிட்டிருக்கும்போது 'ரிமோட்-செண்ட்' வந்தால் அந்த விசைகள் உங்க கதைக்குள்ளேயே விழுந்து வைக்கும். முடிந்தவரை 'ரிமோட்-எக்ஸ்பர்' பாவிப்பது நல்லது. இதெல்லாம் கவனமாக இருக்க வேண்டிய விஷயங்கள். கதவே வேண்டாம்னு சுவர் எழுப்பக் காரணம் இல்லை.

எல்லாரும் விம்முக்கு மாறுங்கன்னு நான் சொல்லலை. அது ஆகிற கதையும் இல்லை :-) தமிழுக்குக் கருவி செய்பவர்களிடம் நான் கேட்பது ஒண்ணுதான். பட்டன் வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஃபைலைக் கொடுத்தால் திருத்தித் திருப்பித் தரும் கமாண்ட்-லைன் வடிவத்தை முதலில் கொடுங்க. அது இருந்தால் விம்காரர் விம்மோடு இணைப்பார், எமாக்ஸ்காரர் எமாக்ஸோடு இணைப்பார். நீங்க அந்தக் கருவியை விட்டுப் போன பிறகும் அது பிழைத்துக் கிடக்கும்.

டிஸ்கி: உங்க விம்மில் இந்த வசதி இருக்கான்னு பார்க்க 'வெர்ஷன்' விவரத்தில் 'கிளையண்ட்சர்வர்' முன்னால் பிளஸ் இருக்கான்னு பாருங்க. மைனஸ் இருந்தா வேற விம் போடுங்க. எமாக்ஸ் கோஷ்டி பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம், நான் ரெடி!