பூச்சும் விலையும்

பழைய வீட்டை விற்க முனைவோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. சுவருக்குப் புதுச்சாயம், தரைக்குப் பளிங்கு, சமையலறைக்கு மின்னும் அலமாரி. இவை அமைந்துவிட்டால் கேட்ட விலை கிடைக்கும் என்பதே அது. இந்நம்பிக்கை பிழையானது, பிறரையும் இழப்புக்கு உள்ளாக்குவது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியது. 1976-இல் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2026-இல் எஞ்சுவன 49 ஆண்டுகளே. எத்தனை ஆயிரம் வெள்ளியைப் புதுப்பிப்பில் கொட்டினாலும் அக்கணக்கில் ஒரு நாளேனும் கூடுமா? 2019 மே மாதம் முதல், வாங்குவோருள் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடிக்காவிடில், மத்திய சேமநிதியிலிருந்து பயன்படுத்தத்தக்க தொகை குறைக்கப்படுகிறது. முப்பது வயதினருக்கு 65 ஆண்டுகள் வேண்டும். அவர் கைப்பணம் தேடி அலைய, விற்பவரோ பளிங்குத் தரைக்கு விலை பேசுகிறார்!

புதுப்பித்தலே குற்றம் என்பதன்று. கூரையில் பெயர்ந்த காரையையும், துருவேறிய கம்பியையும், குளியலறை நீர்க்கசிவையும் சீர்செய்தல் கடமை. அவற்றைச் சாயத்தால் மறைத்தல் வஞ்சனை. தம் விருப்பத்திற்குச் செய்துகொண்ட அலங்காரத்தின் செலவை வாங்குபவர் தலையில் ஏற்றுதல் பேராசை.

விலையை முதலில் எஞ்சிய ஆண்டுகள் சொல்லட்டும். அடுத்து, அவ்வட்டாரத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலைகள் சொல்லட்டும். அவற்றைக் கழகமே வெளியிடுகிறது. பூச்சு இறுதியில் பேசட்டும். கணக்குக் கற்ற இளைஞரும் சாயத்தைக் கண்டு மயங்காது, ஆண்டைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.