ஸப்ர் செய்யச் சொல்பவர்களுக்கு



2024 மே கடைசியில் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தன. காது தெரியாதபடி தலையை மூடிப் பரீட்சை எழுதினார்கள் என்று திருகோணமலையில் நம் பெண்பிள்ளைகள் 70 பேரின் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டது.

இப்படி நேரும்போதெல்லாம் நம்மில் சிலர் சொல்வது ஒன்றுதான்: "ஸப்ர் செய்யுங்கள், சத்தம் போடாதீர்கள்." இதில் முதல் பாதி தீன். மற்றப் பாதி நம்முடைய பயம்.

யஃகூப் நபி, யூஸுபை நினைத்துக் கண்பார்வை போகுமளவு அழுதார்கள். அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். கூடவே, போய்த் தேடுங்கள் என்று பிள்ளைகளையும் அனுப்பினார்கள். அழகிய பொறுமை என்று குர்ஆன் காட்டுவது அவர்களுடைய பொறுமையைத்தான்.

காத்திருக்கும் காலமும் அமலுக்குரிய காலமே. இரவில் தஹஜ்ஜுத் தொழுவோம். பகலில் மகஜர் எழுதுவோம். இனியொரு பிள்ளைக்கு ஸப்ர் சொல்லப் போனால், கையில் பேனாவோடு போவோம்.