பிள்ளைக்குப் பல் கிளிப்: 7 வயசுல காட்டுங்க, அவசரப்பட்டு நகையை அடகு வைக்காதீங்க



போன மாசம் குலசேகரன்பட்டினத்துல இருந்து சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அண்ணே, பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. கிளினிக்ல இப்பவே கிளிப் போடணும்ங்காங்க. 45,000 ரூபாயாம். ஈஎம்ஐ உண்டாம். சங்கிலியை வச்சிரட்டுமா?"

பாப்பாவுக்கு 8 வயசு. மச்சானுக்குக் கோயில் பக்கத்துல கடை. தசரா நேரத்து வியாபாரத்தை வச்சுத்தான் வருஷம் ஓடணும். அந்த வீட்டுல சங்கிலி அடகுக்குப் போனா எப்ப திரும்பும்னு எனக்குத் தெரியும். "ரெண்டு வாரம் பொறு, வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டு"ன்னு சொன்னேன்.

நான் ஆடிட்டர், பல் டாக்டர் இல்ல. ஆனா இது பல்லு விஷயம் மட்டுமில்ல, எந்த வயசுல காசை எடுக்கிறோம்ங்கிற விஷயமும்தான்.

காட்டுற வயசு வேற, போடுற வயசு வேற

அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் 7 வயசுக்குள்ள ஒரு தடவை காட்டச் சொல்லுது. அதுக்கு அர்த்தம் 7 வயசுல கிளிப் போடணும்னு இல்ல. அந்த வயசுல நிலையான கடவாய்ப் பல்லும் முன்பல்லும் முளைக்க ஆரம்பிச்சிருக்கும். தாடை எப்படி வளருதுன்னு டாக்டரால கணிக்க முடியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு கிளிப் போடுறது, நிலையான பற்கள் ஏறக்குறைய முளைச்ச பிறகு, 11-லிருந்து 14 வயசுக்குள்ள.

8, 9 வயசுல முன்பல்லுல தெரியுற இடைவெளி பல பிள்ளைகளுக்கு இயல்பானது. 11, 12 வயசுல கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானா நெருங்கிடும்.

அப்போ சீக்கிரம் செய்ய வேண்டியதே இல்லையா? உண்டு. மேல்பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்ள போய்க் கடிக்குது, கீழ்த்தாடை முன்னாடி நீட்டுது, நிலையான பல்லு வந்தும் விரல் சூப்புறது நிக்கல, பால் பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டியதாயிடுச்சு. இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

மேல் முன்பல்லு ரொம்பத் துருத்திட்டிருந்தா? 2018-ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைப் பத்திச் சொல்லுது: சின்ன வயசுல ஒரு தடவை, வளர்ந்தப்புறம் ஒரு தடவைன்னு ரெண்டு கட்டமா செஞ்சா, முன்பல்லு அடிபடுற வாய்ப்பு குறையுது. மத்தபடி, வளர்ந்தப்புறம் ஒரே கட்டமா செய்யறதை விடப் பெரிய லாபம் தெரியல. அதனால "ரெண்டு கட்டம்"னு சொன்னா, "எங்க பிள்ளைக்கு ஏன்?"னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

இப்போ கணக்குக்கு வருவோம்

பெரும்பாலான ஹெல்த் பாலிசி, விபத்து தவிர்த்து பல் சிகிச்சைக்குக் காசு தராது. பழைய வரி முறையில இருந்தாலும் பிள்ளையோட கிளிப் பில்லுக்கு 80டி கழிவு கிடையாது. "வட்டியில்லா ஈஎம்ஐ"யா? வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு இல்லைன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல பேங்குகளுக்கு எழுதியிருக்கு. செயலாக்கக் கட்டணமாவோ, கைநழுவிப் போன தள்ளுபடியாவோ அந்த வட்டி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

அதனால என் கருத்து இதுதான்: 7 வயசுக்கும் 12 வயசுக்கும் நடுவுல இருக்கிற அஞ்சு வருஷம்தான் உங்க ஈஎம்ஐ காலம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி சரியா 5 வருஷம். மாசம் 800 ரூபாய் போட்டா வட்டி இல்லாமலே 48,000. கிளிப் தேவையில்லைன்னு ஆயிட்டா, அந்தப் பணம் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

1. டாக்டர் எம்டிஎஸ் ஆர்த்தோடான்டிக்ஸ் படிச்சவரா?
2. எக்ஸ்ரே, கழண்ட கிளிப்பைத் திரும்ப ஒட்டுறது எல்லாம் இந்தத் தொகைக்குள்ளயா?
3. கிளிப் எடுத்தப்புறம் போடுற ரிட்டெய்னருக்குத் தனிக் காசா? அதைப் போடலேன்னா பல்லு பழைய இடத்துக்கே நகர ஆரம்பிச்சிடும்.
4. மொத்தம் எத்தனை தடவை வரணும்?

நாலாவது கேள்வி நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியம். ரெண்டு வருஷ சிகிச்சைன்னா சுமார் 20, 24 தடவை போகணும். புதுக்கோட்டை, சிதம்பரம், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள்ல கட்டணம் குறைவு. ஆனா குலசையில இருந்து மாசாமாசம் போய்வர பஸ் காசு, ஒரு நாள் வருமானம், பிள்ளையோட ஸ்கூல் லீவு எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க.

பாப்பா கதை என்னாச்சு? ரெண்டாவதா பார்த்த டாக்டர், "இடைவெளிக்கு இப்போ ஒண்ணும் வேண்டாம், வருஷம் ஒரு தடவை காட்டுங்க"ன்னார். ஆனா பின்னாடி ஒரு பால் பல்லு சொத்தை. "பால் பல்லுதானே, விழுந்துரும்"னு வீட்டுல விட்டுட்டாங்க. அதைப் பிடுங்கினா பக்கத்துப் பல்லு சாய்ஞ்சு புதுப் பல்லுக்கு இடம் இல்லாம போயிடும். உண்மையிலேயே உடனே செய்ய வேண்டியிருந்தது அந்தச் சொத்தையை அடைக்கிறதுதான்! கிளிப் செலவுல அது ஒரு சின்னப் பங்குகூட ஆகல.

சங்கிலி தங்கச்சி கழுத்துலயே இருக்கு. பாப்பா பேர்ல 4 வருஷத்துக்கு மாசம் 1,000 ரூபாய்னு பேங்க்ல ஆர்டி ஆரம்பிச்சாச்சு.

உங்க வீட்டுல 7 வயசுல பிள்ளை இருந்தா, இந்த லீவுல ஒரு தடவை காட்டிட்டு வாங்க. ஆர்டி கணக்கை வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன், பாருங்க.