ஹைனானில் இரண்டாயிரம் ஆண்டு ஆட்சியா?

ஹான் பேரரசர் வூ கி.மு. 110-இல் இரண்டு மாவட்டங்களை அமைத்த நாள்தொட்டு ஹைனான் தீவு இடைவிடாமல் சீன நிர்வாகத்தில் இருந்தது என்று திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஆண்டு சரி. ‘இடைவிடாமல்’ என்பது தவறு. அதற்குச் சாட்சி சீனப் பேரரசுகள் தாமே எழுதிவைத்த வரலாறுகள்.

ஜூயா, தானேர் என்ற அந்த இரு மாவட்டங்களிலும் சேர்த்து 16 வட்டங்கள், 23,000-க்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள். ஜூயாவின் ஆளுநர் சுன் சிங், பேரரசருக்குக் காணிக்கை அனுப்ப அகலமான துணி கேட்டு மக்களை வதைத்தார். பொறுக்கமாட்டாமல் அவர்கள் தலைமையகத்தைத் தாக்கி அவரைக் கொன்றார்கள். முதல் இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஆறு கிளர்ச்சிகள். கி.மு. 82-இல் தானேர் கலைக்கப்பட்டது. பிறகும் கலகம் ஓயவில்லை. படை அனுப்ப வேண்டாம், தீவைக் கைவிடுவோம் என்று ஜியா ஜுவான்ஜி அரசவையில் வாதாடினார். பேரரசர் யுவான் இணங்கினார். கி.மு. 46-இல் ஜூயாவும் ஒழிந்தது. ஆக, ஹான் ஆட்சி நீடித்தது 64 ஆண்டுகள்தான்.

மாவட்டத்தின் பெயர் பிறகும் வழங்கியதே என்பார்கள். வழங்கியது, எங்கே? கி.பி. 242-இல் மூவரசுக் காலத்து வூ அரசு 30,000 வீரர்களை அனுப்பி ஜூயாவை மீண்டும் அறிவித்தபோது, அதன் அலுவலகம் கடலுக்கு வடக்கே, பெருநிலத்து ஷூவெனில் இருந்தது. தீவில் நிர்வாகம் மறுபடி வேர்விட்டது ஆறாம் நூற்றாண்டில். அதற்கு வழிவகுத்தது தென்னாட்டுக் குலத்தலைவி சியான் அம்மையாரின் செல்வாக்கு. தீவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அவரை நம்பி வந்தன.

டாங் காலத்திலாவது தொடர்ச்சி உண்டா? 667-இல் தீவின் சியோங்ஜோ நிர்வாகப் பகுதி மலைமக்களிடம் வீழ்ந்தது. மீட்கப்பட்டது 789-இல். இடையில் 122 ஆண்டுகள்!

மிங், சிங் காலங்களைப் பற்றித்தான் பலரும் உறுதியாகப் பேசுகிறார்கள். அலுவலகங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை கரையோரத்தை வளைத்து நின்றவை. நடுமலையில் வாழ்ந்த லி மக்களில் பெரும்பகுதியினர் வரியும் கட்டவில்லை, பதிவேட்டிலும் இல்லை. தீவிலேயே பிறந்த, மிங் காலத்தவரான ஹாய் ருய், மலையை ஊடறுத்துச் சாலை போட்டு உள்ளே வட்டங்கள் அமைக்கலாம் என்று 1549-இல் எழுதினார். அது நடக்கவில்லை. சிங் தளபதி ஃபெங் ஜீசாய் படையோடு மலைக்குள் சாலை திறந்தது 1880-களில். பைஷா, பாவோதிங், லெதோங் வட்டங்கள் உருவானது 1935-இல். அப்போது பேரரசு முடிந்தே 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கி.மு. 110-ஐப் பாடநூலில் அச்சிடுவோர் பக்கத்திலேயே கி.மு. 46-ஐயும் 1935-ஐயும் அச்சிடட்டும். எதிர்த்து நின்ற லி மக்களுக்கு வரலாறு அந்த நியாயத்தையாவது செய்ய வேண்டும்.